கண்ணாடிக் கவிகை

தச்சன் மரத்தில் விட்ட சிறு பிளவை மெழுகு மூடிவிடும். கொத்தன் சுவரில் விட்ட வெடிப்பைச் சுண்ணாம்பு மூடிவிடும். ஒளி ஊடுருவும் பொருளில் வேலை செய்பவனுக்கு இத்தகைய வாய்ப்பு இல்லை. அவன் கைபட்ட ஒவ்வோர் இடமும் பார்ப்பவர் கண்ணுக்கு நேரே நிற்கும். மாதிரி விமானங்கள் செய்வதில் பல்லாண்டுகளாக ஈடுபாடு கொண்டுள்ள யாம், இவ்வுண்மையை விமானத்தின் மிகச் சிறிய உறுப்பு ஒன்றிடமிருந்தே கற்றோம். விமானி அமரும் அறையின்மேல் குடைபோல் கவிந்திருக்கும் ஒளிபுகு மூடியே அவ்வுறுப்பு. இக்கட்டுரையில் அதனைக் கண்ணாடிக் கவிகை என்று வழங்குவோம்.

பறத்தலையும் கண்ணாடியையும் சேர்த்து எண்ணுங்கால் முதலில் நினைவுக்கு வருபவர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் ஆவார். ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரில் வாழ்ந்து 887-இல் மறைந்த அவ்வறிஞர், கல்லிலிருந்து கண்ணாடி செய்யும் முறையைக் கண்டவர் என்றும், இறகுகள் பூண்டு பறக்க முயன்றவர் என்றும் வரலாற்றாசிரியர் அல்மக்கரீ குறித்துள்ளார். சிறிது தொலைவு பறந்தவர் இறங்குகையில் அடிபட்டார். பறவை இறங்குவதற்கு வால் துணைசெய்வதை அவர் கருதாமையே அதற்குக் காரணம் என்பர். நிலவின் பள்ளம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்விரண்டு முயற்சிகளும் ஒரே சிந்தையில் கூடியிருந்தன என்பது நம் மாணவர்கள் அறியவேண்டிய செய்தியாகும்.

இனி, எம் பணிமேசைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய ஹாக்கர் ஹரிக்கேன் போர் விமானத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1942 முதல் இந்திய விமானப்படை வீரர்களும் இதனைச் செலுத்தியுள்ளனர். மெய்யான விமானத்தின் இறக்கை அகலம் 40 அடி. 72-இல் ஒரு பங்கு அளவிலான மாதிரியில் அது 17 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். கவிகையோ கட்டைவிரலின் மேற்கணு அளவே இருக்கும். அச்சிறு பரப்பிலும் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் ஓடி, அதனைப் பல சிறு சாளரங்களாகப் பிரித்துள்ளன.

மாதிரியின் கவிகை பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. தெளிந்தது; ஆயினும் எளிதில் உடையக்கூடியது. வார்ப்புச் சட்டத்திலிருந்து அதனை முறுக்கிப் பிரித்தால் விரிசல் ஓடிவிடும். நுண்ணிய ரம்பத்தால் சற்றுத் தள்ளி அறுத்தெடுத்து, எஞ்சிய முனையைச் சிறுகச் சிறுகத் தேய்த்தல் வேண்டும். மேற்பரப்பில் கீறல் இருந்தால் அதனைப் போக்கும் வழி வியப்புக்குரியது. கீறலைக் கீறலாலேயே நீக்குகிறோம்! 1000, 1500, 2000 என எண் ஏற ஏற மென்மையாகும் வாட்டர் பேப்பரை நீரில் நனைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்க்கிறோம். தொடக்கத்தில் கவிகை முழுவதும் பால்போல் மங்கிவிடும். புதியவர்கள் அஞ்சிக் கைவிடுவது இவ்விடத்தில்தான். அஞ்சாது தொடர்ந்து, இறுதியில் பருத்தித் துணியில் சிறிது பற்பசை தொட்டு மெருகேற்றினால் இழந்த தெளிவு மீண்டும் வரும். அதன்பின் தரைக்கு மெருகூட்டும் அக்ரிலிக் திரவத்தில் ஒருமுறை அமிழ்த்தெடுத்து, தூசி படாமல் ஒரு கிண்ணத்தால் மூடி, ஒருநாள் முழுதும் உலரவிட்டால் அத்தெளிவு இன்னும் கூடும்.

வண்ணம் தீட்டுவது அடுத்த படி. கவிகையின்மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டிப் பல்குத்தும் குச்சியின் முனையால் அழுத்தினால் சட்டங்களின் வரம்பு தெளிவாகப் புலப்படும். புதிய பிளேடின் முனையால் அவ்வரம்பை ஒட்டி வெட்டிச் சட்டங்களின் மேலுள்ள டேப்பை மட்டும் உரித்தெடுக்கிறோம். முதலில் பூசவேண்டியது உள்ளறையின் நிறமாகிய சாம்பல் கலந்த பச்சை. அதன்மேல்தான் வெளிநிறம் ஏறவேண்டும். அப்போதுதான் சாளரத்தின் வழியே உள்ளே பார்ப்பவருக்குச் சட்டத்தின் உட்புறமும் உரிய நிறத்தில் தோன்றும். தடிப்பாக ஒரே பூச்சாகப் பூசினால் வண்ணம் டேப்பின் அடியில் கசிந்துவிடும். ஆகவே மெல்லிய பூச்சுகள் பல வேண்டும்.

ஒட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. நொடியில் ஒட்டும் பசையின் ஆவி காற்றின் ஈரத்தோடு கூடிக் கவிகையின்மேல் வெண்படலமாகப் படியும். மெல்ல உலரும் வெள்ளைப் பசையால் அக்கேடு இல்லை. அதற்கும் முன்பாகக் கவிகையின் உட்புறத்தைத் துடைத்துத் தூய்மை செய்தல் இன்றியமையாதது. மூடியபின் உள்ளே தங்கிய விரல்ரேகையை எத்துணை வல்லவராலும் வெளியிலிருந்து துடைக்க இயலாது. உள்ளத் தூய்மையைப் பற்றி நம் பெரியோர் கூறுவன யாவும் இவ்விடத்தில் எம் நினைவுக்கு வருவதுண்டு.

இத்துணைச் சிறிய பொருளுக்கு இத்துணை உழைப்பா என்று வினவுவோர் உளர். அவர்களுக்கு மெய்யான கவிகையின் வரலாற்றைக் கூறுவது எம் வழக்கம். ஹரிக்கேனின் கவிகை பெர்ஸ்பெக்ஸ் எனப்படும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆனது. 1940 ஆகஸ்ட் 15 அன்று கோர்டன் கிளீவர் என்னும் விமானியின் ஹரிக்கேன் தாக்கப்பட்டபோது, கவிகை சிதறி அதன் சில்லுகள் அவர் கண்களுக்குள் பாய்ந்தன. இத்தகைய காயமுற்ற விமானிகளைக் கவனித்த கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி ஓர் உண்மையைக் கண்டார். காலம் பல கடந்தும் கண் அச்சில்லுகளைப் பகையாகக் கருதவில்லை. அவை உள்ளேயே அமைதியாகத் தங்கியிருந்தன. பின்னர் ஒருநாள் கண்புரை அறுவையைக் கண்டுநின்ற மருத்துவ மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்கு ஈடாக வேறொன்றை ஏன் வைக்கவில்லை என்று கேட்டார். அவ்வினா ரிட்லியின் எண்ணத்திற்கு உரமூட்டியது. 1949 நவம்பர் 29 அன்று இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பெர்ஸ்பெக்ஸால் ஆன செயற்கை வில்லையை அவர் முதன்முதலாக ஒரு கண்ணுக்குள் பொருத்தினார். மருத்துவ உலகம் அதனை உடனே ஏற்கவில்லை. எதிர்ப்பு நெடுங்காலம் நீடித்தது. ஆயினும் உண்மை வென்றது.

அவ்வில்லை நம் ஏழை எளியோர்க்கும் எட்டும் விலையில் கிடைக்கத் தமிழ்மண்ணும் வழிசெய்துள்ளது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையோடு இணைந்து 1992-இல் தொடங்கப்பட்ட அரோலாப் நிறுவனம், இறக்குமதி வில்லைகளின் விலையில் சிறுபகுதிக்கே அவற்றைச் செய்து வழங்கலாயிற்று.

எம் அன்னையார் நாள்தோறும் சுப்ஹுத் தொழுகைக்குப்பின் திருமறை ஓதும் வழக்கம் உடையவர். 1998-இல் இரு கண்களிலும் புரை முற்றியபோது, மனனம் செய்திருந்த சூராக்களை மட்டுமே ஓத முடிந்தது. ஏனைய பக்கங்களை விரல்களால் தடவிப் பார்த்து மூடிவைப்பார். அக்கண்மணிகளில் படர்ந்திருந்த வெண்மையை அருகிருந்து காணும்போதெல்லாம், மங்கிய கவிகையே எம் நெஞ்சில் தோன்றும். அதனைத் துலக்க எம் கைகளால் ஆகாது என்ற துயரமும் உடன்தோன்றும். அறுவை நடந்து, வில்லை பொருத்தப்பட்டு, கட்டவிழ்த்த சில வாரங்களில் அவர் மீண்டும் ரைஹானைத் திறந்தார். எழுத்தின் மேலும் கீழும் உள்ள புள்ளிகள்கூடத் தெரிகின்றன என்று கூறி அல்ஹம்துலில்லாஹ் என்றார். போர்விமானத்தின் கவிகைக்கு உரிய அதே இனப்பொருள் எம் அன்னையின் கண்ணுக்குள் ஒளிவழியாக அமைந்திருப்பதை அன்று எண்ணி எண்ணி வியந்தோம்.

மாணவச் செல்வங்களே! கைத்தொழிலைச் சிறிதென்று எண்ணாதீர்கள். நுண்ணியதைப் பொறுமையோடு துலக்கப் பழகிய கை, ஒருநாள் ஆய்வுக்கூடத்திலோ அறுவைக்கூடத்திலோ பிறர்க்குப் பயன்படும். வகுப்பில் எழும் வினாவை நாணத்தால் அடக்கியும் விடாதீர்கள். ஒரு மாணவரின் கேள்விக்கும் இன்று உலகெங்கும் பார்வை பெற்றோரின் மகிழ்ச்சியில் பங்கு உண்டு. தெளிந்த பொருளின் சிறப்பு, தன்னைக் காட்டாமல் தனக்கு அப்பால் உள்ளதைக் காட்டுவதாகும். கற்றவர் வாழ்வும் அவ்வாறே அமைய வல்ல இறைவன் அருள்புரிவானாக!