பகடையில்லாத கடல்

பகடை இல்லாமல் ஒரு பலகை விளையாட்டை உருவாக்க வேண்டும் என்று தொடக்கத்தில் எங்களுள் எவரும் எண்ணியிருக்கவில்லை. கல்லூரியின் வரலாற்றுத் துறைக் கண்காட்சிக்காக, நம் கடற்கரையின் பழைய வாணிகத்தைப் பற்றி ஏதேனும் செய்யலாமென்று ஆறு மாணவியர் கூடினோம். சுவரில் எழுதி ஒட்டினால் யாரும் நின்று படிப்பதில்லை. விளையாட்டு என்றால் உட்கார்ந்துவிடுவார்கள் என்றாள் கணிதம் பயிலும் தோழி. அப்போதே இன்னொருத்தி கேட்டாள்: "தாயக்கட்டை போட்டா? வீட்டில் அனுமதிப்பார்களா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் வீடுகளில் பல்லாங்குழிக்குத் தடையில்லை; தாயம் என்றால் பெரியவர்கள் முகம் மாறும். நர்தஷீர் எனப்படும் பகடையாட்டத்தை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஷாஃபிஈ சட்ட நூல்கள் இதையொட்டி ஒரு வேறுபாட்டைக் காட்டுகின்றன: கணக்கையும் சிந்தனையையும் சார்ந்து நடக்கும் ஆட்டம் ஒன்று, வெறும் ஊகத்தையும் குருட்டு வாய்ப்பையும் சார்ந்து நடப்பது வேறொன்று. சதுரங்கம் முதல் வகையில் வைத்துப் பேசப்படுவதும், பகடை இரண்டாம் வகையில் சேர்வதும் இதனால்தான். இந்த வேறுபாட்டை ஒரு தடையாக அல்லாமல் வடிவமைப்புக் குறிப்பாக எடுத்துக்கொள்வோம் என்றாள் கணிதத் தோழி. அன்று முதல் பகடை எங்கள் மேசைக்கு வரவில்லை.

பகடை இல்லையென்றால் கப்பலை எது நகர்த்தும்? விடை கடலிலேயே இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அரபுக் கரையிலிருந்து நம் பக்கம் கப்பல்களைத் தள்ளியது. வடகிழக்குக் காற்று அவற்றைத் திருப்பி அனுப்பியது. ஆனி, ஆடியில் காற்று உச்சத்தில் இருக்கையில் மேற்குக்கரைத் துறைகள் அடைபட்டுக் கிடந்தன. நாட்காட்டியைப் பார்த்தே பயணத்தைத் திட்டமிட்ட மக்களுக்குப் பகடை எதற்கு? ஆண்டை இரண்டிரண்டு மாதங்களாக ஆறு சுற்றுகளாக்கி, பலகையின் மூலையில் ஒரு காற்றுச் சக்கரத்தைப் பொருத்தினோம். ஒவ்வொரு சுற்றிலும் சக்கரம் ஒரு படி திரும்பும். காற்று எதிர்த்தால் எந்தக் கப்பலும் நகராது. காலம் தவறிப் புறப்பட்டவர் மலபாரிலோ மாலத்தீவிலோ காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

சரக்குகளுக்கு மார்க்கோ போலோ உதவினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் காயலைப் பற்றி எழுதியிருக்கிறார். தாமிரபரணி முகத்துவாரத்திலுள்ள பழையகாயலே அது என்பது பெரும்பாலோர் கருத்து. அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகள் வந்திறங்கியதையும், பராமரிக்கத் தெரியாமையால் அவை விரைவில் மடிந்ததையும், அதனால் மறுபடி மறுபடி வாங்க நேர்ந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். விளையாட்டு வடிவமைப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒருபோதும் நிறையாத தேவை! ஆண்டின் இறுதிச் சுற்றில் பாண்டியர் இலாயத்துக் குதிரைகளில் பாதியைப் பலகையிலிருந்து எடுத்துவிடுவது எங்கள் விதியாயிற்று.

பலகை, பழைய திருமண அழைப்பிதழ்களின் தடித்த அட்டைகளை ஒட்டியது. அட்டையைத் திருப்பினால் இன்றும் பாதி மணமகன் பெயர் தெரியும். மிளகுக்கு உண்மையான மிளகையே வைத்தோம். மின்விசிறிக் காற்றில் உருண்டோடியதால் கருகமணிக்கு மாறினோம். கப்பல்கள் தீப்பெட்டிகள். குதிரைகளுக்கு என் தம்பியின் சதுரங்கப் பெட்டிகள் மூன்று பலியாயின. ஒரு பெட்டிக்கு நான்காகப் பன்னிரண்டு குதிரைகள். அவனிடம் கேட்டுத்தான் எடுத்தோம். கண்காட்சி வரைக்கும் என்ற வாக்கு.

முதல் வடிவத்தில் ஒவ்வொரு வணிகரும் பத்துக் காசு கடன் வாங்கிப் பன்னிரண்டாகத் திருப்ப வேண்டும். வட்டியின் தீமையை ஆட்டமே காட்டட்டும் என்பது வணிகவியல் தோழியின் யோசனை. அமெரிக்காவில் எலிசபெத் மேகி 1904இல் காப்புரிமை பெற்ற, பிற்காலத்தில் 'மோனோபொலி'க்கு மூலமான ஆட்டமும் நிலம் ஒரு சிலர் கையில் குவிவதன் கேட்டைக் காட்டவே பிறந்தது. ஆனால் மக்கள் அதில் கற்றுக்கொண்டது பிறரைப் போண்டியாக்கும் இன்பத்தை. எங்கள் மேசையிலும் அதுவே நிகழ்ந்தது. மூன்றாவது சோதனையாட்டத்தில் ஒரு மாணவியின் முதற்கப்பல் உடைந்தது. இருபதாவது நிமிடத்தில் அவள் ஆட்டத்தை விட்டு வெளியே. எஞ்சிய ஒன்றரை மணி நேரமும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டியின் பாடம் அவளுக்குப் புரிந்திருக்கலாம். மறுமுறை விளையாட மட்டும் வரவில்லை.

ஆகவே கடனை எடுத்துவிட்டு முளாரபாவைக் கொண்டுவந்தோம். ஒருவர் முதல் போடுவார். மற்றவர் நகுதாவாகக் கப்பலைச் செலுத்துவார். இலாபம் முன்பே பேசிய விகிதத்தில் இருவருக்கும். நட்டமென்றால் பணம் போனது முதலாளிக்கு, உழைப்பு வீணானது நகுதாவுக்கு. முதலிழந்தவரும் அடுத்த காற்றுக்கு நகுதாவாகப் புறப்படலாம் என்பதால் ஒருவரும் வெளியேறவில்லை. மேசையில் பேச்சுச் சத்தம் அதிகமாயிற்று. அது நல்ல அறிகுறி.

கடினமான நாள் அதற்குப் பின்னர்தான் வந்தது. சரக்குச் சீட்டுகளை நகுதா மட்டுமே பார்ப்பார் என்று வைத்திருந்தோம். அவர் பத்துக் குதிரை கொண்டுவந்து, நான்கு கடலில் மடிந்தன என்று சொல்லலாம். முதலாளி நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். ஆட்டம் சூடேறியது; சிரிப்பும் கூச்சலும் எழுந்தன. நடுவே ஒரு தோழி சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். "இப்படித்தான் எங்கள் வாப்பாவிடமும் கணக்குக் காட்டினார்கள்" என்றாள். அவளுடைய தந்தை வெளிநாட்டில் சேர்த்த பணத்தைக் கூட்டுக்கடையில் போட்டு இழந்தவர் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

விளையாட்டில் சொல்லும் பொய் பொய்யாகுமா என்று மூன்று நாள் வாதிட்டோம். எல்லாரும் அறிந்து ஒப்புக்கொண்ட விதிக்குள் நடப்பதால் அது ஏமாற்று ஆகாது என்றனர் இருவர். அந்த வாதம் வலுவற்றது அன்று. எனினும் அமானிதத்தை மீறுகிறவர் வெல்லும் ஓர் ஆட்டத்துக்கு முளாரபா என்று பெயர் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சீட்டுகளை எல்லாருக்கும் திறந்து வைத்து ஆடினோம். நேர்மையாக இருந்தது, சலிப்பாகவும் இருந்தது. தீர்வைக் கண்டவள் எழுந்து போன தோழியே. கடற்சீட்டுகளை நகுதாவும் பார்க்க வேண்டாம். கவிழ்த்தபடியே கப்பலில் வைத்து, துறையை அடைந்ததும் இருவரும் சேர்ந்து திறக்கட்டும் என்றாள். அறியாமை இருவருக்கும் பொதுவாயிற்று. இப்போது எதிராளி கடல்தான்.

அப்படியானால் பின்வாசல் வழியே வாய்ப்பு நுழைந்துவிட்டதே என்ற ஐயம் எழுந்தது. ஊர் ஆலிம்சாவிடம் பலகையையே கொண்டுபோனோம். கடற்சீட்டுகள் இருபத்துநான்கு: பதினைந்தில் நலம், ஆறில் தாமதம், மூன்றில் கப்பல் உடையும். எண்ணிக்கை எல்லாருக்கும் தெரியும். கழிந்தவை திறந்தே கிடக்கும். எண்ணிப் பார்ப்பவர் ஆபத்தை மதிப்பிடலாம். அவர் பொறுமையாகக் கேட்டார். பந்தயம் உண்டா என்றார், இல்லை என்றோம். எவ்வளவு நேரம் என்றார். இரண்டேகால் மணி என்றோம். "அஸருக்குப் பின் தொடங்கினால் மக்ரிபுக்கு முன் முடியும்படி செய்யுங்கள், பிறகு பார்ப்போம்" என்று சொல்லிப் பலகையைத் திருப்பித் தந்தார். மூன்றாண்டுப் பயணத்தை இரண்டாண்டாகச் சுருக்கினோம். எழுபத்தைந்து நிமிடங்களில் முடிந்தது. உள்ளபடியே ஆட்டமும் மேம்பட்டது.

விதிகளை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, எங்கள் உதவி சிறிதுமின்றி ஆடவிட்டது என் உம்மம்மாவை. பல்லாங்குழியில் அவரை வென்றவர் எங்கள் தெருவில் இல்லை. அவர் ஒரு கப்பலும் அனுப்பவில்லை. மன்னார் வளைகுடா அமைதியாக இருக்கும் முத்துக்குளிப்புப் பருவத்தில் மலிவாக முத்து வாங்கி, காற்று திரும்பிக் கப்பல்கள் அவசரப்படும்போது விற்றார். பதினோரு காசு வித்தியாசத்தில் வென்றார். "கடலுக்குப் போகிறவர் போகட்டும், எனக்குக் கரை போதும்" என்றார். அடுத்த ஆட்டத்தில் மூவர் அவரைப் பின்பற்ற, ஒரு கப்பலும் கிளம்பாமல் துறைமுகம் தூங்கியது. துறையில் அயல் கப்பல் இல்லாத சுற்றில் முத்தின் விலை பாதி என்ற விதி அதன்பின் வந்ததுதான். அதை அவரிடம் சொன்னபோது, தம்மைத் தோற்கடிக்கவே எழுதினோம் என்று சிரித்தார். பெரும்பாலும் அது உண்மை.

கண்காட்சியில் இரண்டு நாளும் பலகை ஓயவில்லை. எழுந்து போன தோழியின் தந்தை இரண்டாம் நாள் மாலை வந்திருந்தார். மகளுக்கு முதலாளியாக எட்டுக் காசு போட்டார். கப்பல் வந்தது, இருவரும் சேர்ந்து சீட்டைத் திறந்தார்கள், உடைந்த கப்பல். அவர் மீதியிருந்த காசை எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த காற்று எப்போது என்று கேட்டார்.

இப்போது கல்லூரி நூலகத்துக்காக இரண்டாவது பலகை தயாராகிறது. இன் ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முடிந்துவிடும். குதிரைகளுக்கு மட்டும் பேரீச்சங்கொட்டையைச் செதுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தம்பி தன்னுடையவற்றை எண்ணி வாங்கிக்கொண்டான்.