தாத்தா பார்த்த தங்கராஜ்!

பைக்காரான்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஸ்பீடு போட், ஃபால்ஸ், பைன் மரங்களுக்கு நடுவில் நாலு செல்ஃபி, கையைச் சுடும் மிளகாய் பஜ்ஜி... அவ்வளவுதானே? போன மாசம் வரைக்கும் எனக்கும் அப்படித்தான். இத்தனைக்கும் அது எங்க அம்மாவோட சொந்த ஊர் பாஸ்!

ஊட்டியிலிருந்து கூடலூர் போற ரோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். பஸ் ஜன்னலைத் திறந்தால் கற்பூர மர வாசனை. திடீரென்று பனி வந்து ரோட்டை மூடும், அடுத்த வளைவிலேயே ஏரி பளிச்சென்று எட்டிப் பார்க்கும். நம்ம இன்ஜினீயரிங் மக்களுக்கு இன்னொரு விஷயம்... ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் பெல்டன் வீல் படிச்சு மண்டை காய்ஞ்சிருப்பீங்களே, அது நிஜமாகவே சுத்துற ஊர் இது. 1932-ல் ஆரம்பித்த நீர்மின் திட்டம். மலை மேலிருந்து தண்ணீர் ராட்சஸக் குழாய்களில் சுமார் 3,000 அடி கீழே சிங்காராவுக்கு இறங்கி, கரன்ட் ஆகிறது. அந்தக் குழாய் வேலைக்கு வந்தவர்தான் என் கொள்ளுத்தாத்தா. அவருக்கப்புறம் தாத்தாவும் மின்வாரியம்.

தாத்தாவுக்கு இப்போது 84 வயது. லீவுக்குப் போனால் அவர் அடுப்பு பக்கம் உட்கார்ந்திருப்பார். நான் ஜன்னல் பக்கம் (அங்கேதான் சிக்னல் கிடைக்கும்!) மெஸ்ஸியோடு உட்கார்ந்திருப்பேன். "சாப்டியாடா?", "சாப்டேன் தாத்தா". இதுதான் இருபது வருஷமாக எங்கள் உரையாடல்.

இந்த முறை சிக்னல் சுத்தமாகப் போச்சு. டவுன்லோடு பண்ணி வைத்திருந்த 'மைதான்' படத்தைப் போட்டேன். 2024-ல் வந்த படம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்து நம்ம கால்பந்து டீம் தங்கம் வாங்கிய கதை. வர்க்கியை டீயில் தொட்டுக்கொண்டே தாத்தாவும் எட்டிப் பார்த்தார். கோல் கீப்பர் வந்த சீனில் சட்டென்று டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது யாரு?"

"பீட்டர் தங்கராஜ் தாத்தா. அந்தக் காலத்து கோல் கீப்பர்."

"தெரியும்டா. இந்த ஆளை நான் பார்த்திருக்கேன். இதோ, உனக்கும் எனக்கும் உள்ள தூரம்தான்!"

நம்புவீங்களா? நான் நம்பலை. ஏன்னா, தாத்தாவுக்கு இப்போதெல்லாம் மறதி. காலையில் மாத்திரை போட்டதையே மூணு தரம் கேட்பார். படத்தை நிறுத்திவிட்டு, 'எங்கே, எப்போ?' என்று குறுக்கு விசாரணையை ஆரம்பித்தேன்.

"வெலிங்டன்ல. நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதறதுக்கு முந்தின வருஷம். கரன்ட் ஆபீஸ் லாரில தொத்திக்கிட்டு ஊட்டி போனோம். அங்கேருந்து மலை ரயிலு. லவ்டேல், கேத்தி, அருவங்காடு, அடுத்தது வெலிங்டன். வீட்ல சொல்லலை. அஞ்சு பேரு."

கணக்குப் போட்டேன். வருஷம் 1957. ஊட்டி வந்து சிக்னல் கிடைத்ததும் தேடிப் பார்த்தால்... ஆளு சொன்னது அப்படியே பொருந்துது!

ஹைதராபாத்தில் பிறந்த தங்கராஜ் 1953-ல் ராணுவத்தில் சேர்ந்தவர். அப்புறம் ஆடியது, குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் டீமுக்கு. ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி டூராண்ட் கோப்பை, 1888-ல் தொடங்கியது. பின்னாளில் கொல்கத்தாவின் பெரிய கிளப்கள் அள்ளிக்கொண்டு போன அந்தக் கோப்பையை நம்ம நீலகிரி ராணுவ டீம் ரெண்டு தடவை தூக்கியிருக்கு: 1955, 1958. ரெண்டிலும் தங்கராஜ் உண்டு! நடுவில் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் அணியிலும் இருந்தார். அந்த வருஷம் இந்தியா நாலாவது இடம். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு நாமதான். 1967-ல் அவருக்கு அர்ஜுனா விருது. 2008-ல் இறந்துபோனார்.

ஆக, என் தாத்தா பார்த்தபோது அவர் மெல்போர்ன் போய் வந்த ஒலிம்பிக் வீரர்!

"என்ன மேட்ச் தாத்தா?"

"மேட்ச்சா, பிராக்டிஸா... அது தெரியலை. கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி நின்னோம். எங்க ஊர்ல துணிப்பந்து. இங்கே தோல் பந்து, பூட்ஸ். அந்த ஆளு ஆறடிக்கு மேல இருப்பாரு. கோல் கிக் அடிச்சாருன்னா 'தொம்'னு ஒரு சத்தம். பந்து பனிக்குள்ள போயிடும். எங்க விழுந்துச்சுன்னே தெரியாது. அப்புறம் அந்தப் பக்கம் ஆளுங்க ஓடறதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்போம்."

ஒரு பந்து வெளியே வந்ததாம். தாத்தா ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாராம். அவர் ஒரே கையை நீட்டி வாங்கினாராம்.

"சிரிச்சாரா? ஏதாவது பேசினாரா?"

"ஞாபகம் இல்லடா. கையைத்தான் பார்த்தேன். முறம் மாதிரி கை."

அடுத்த நாள் மறுபடி சொல்லச் சொன்னேன். இப்போது பந்து வலப்பக்கமிருந்து வந்தது. முந்தின நாள் இடப்பக்கம். அஞ்சு பேர் ஆறு பேர் ஆனார்கள். ஆனால், அந்த 'தொம்' மாறவில்லை. பனிக்குள் போன பந்து மாறவில்லை. முறம் மாதிரி கை மாறவே இல்லை. லேப்ல ரீடிங் எடுக்கும்போது ஏழெட்டு தடவை எடுத்து எது நிலையாக வருதுன்னு பார்ப்போமே... அப்படி எனக்குக் கிடைத்த ரீடிங் இந்த மூணும்தான்.

2025 டிசம்பரில் மெஸ்ஸி கொல்கத்தா வந்தது ஞாபகம் இருக்கா? ஆயிரக்கணக்கில் டிக்கெட்டுக்குக் கொடுத்தவர்களுக்கு, அவரைச் சுற்றி நின்ற கூட்டம்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் கிளம்பிவிட, ரசிகர்கள் நாற்காலிகளை உடைத்து வீசினார்கள். அதைப் பார்த்து நானும் உச் கொட்டினேன். மெஸ்ஸியோட ஒவ்வொரு கோலும் என் போனில் இருக்கு. ஆனால், நேரில் பார்த்தவர் ஒருத்தர் இருபது வருஷமா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்... நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

தாத்தாவின் அந்த நாளுக்கு வீடியோ கிடையாது. ஸ்கோர் கிடையாது. நான் தேடிப் பார்த்துவிட்டேன். கூடப் போன நண்பர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. "நான் ஒருத்தன்தான் பாக்கி" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு விறகைத் தள்ளினார். எனக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது. குளிர் ஒத்துக்கொள்ளாததால் அடுத்த மாதம் அவரைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போக அம்மா முடிவு பண்ணியாச்சு. பனி இல்லாத ஊரில் அந்தப் பந்து அவருக்கு ஞாபகம் வருமா?

கிளம்புகிற அன்று பக்கத்து வீட்டு வாண்டுவிடம் பந்து வாங்கிக்கொண்டு, ஏரிப் பக்கம் புல்வெளிக்கு நடந்தோம். ரெண்டு கற்பூர மரத்துக்கு நடுவில் தாத்தா போய் நின்றார். மஃப்ளரை இறுக்கிக் கட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கையை விரித்து...

"இப்படித்தான் நின்னாரு. அடி!"

நான் வலிக்காமல் மெதுவாகத் தட்டினேன். பந்து அவர் காலடியில் போய் நின்றது.

"டேய், தங்கராஜுக்கு இப்படியா அடிப்பாங்க?" என்று செம திட்டு!

அத்தனையையும் போனில் ரெக்கார்டு பண்ணிவிட்டேன். மொத்தம் 42 நிமிஷம். திட்டும் சேர்த்துதான்!

ஸோ மக்களே, அடுத்த முறை பைக்காரா போனால் போட்டிங் போங்க, பஜ்ஜி சாப்பிடுங்க, வேணாம்னு சொல்லலை. ஆனால், லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது போனைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு, அடுப்பு பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க... "தாத்தா, நீங்க யாரை நேர்ல பார்த்திருக்கீங்க?"

இன்னிக்கே கேளுங்க. அடுத்த லீவு வரைக்கும் தள்ளிப் போடாதீங்க, ப்ளீஸ்!