உப்புப் பூ

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸில் ஏறினால், வழியில் வருவது எங்கள் ஊர் பிரம்மதேசம். மரக்காணத்திலிருந்து கடலோரமாகவே தெற்கே போனால் பாண்டிச்சேரி. கூப்பிடு தூரம்தான். ஆனால், 1954 வரை அங்கே பிரெஞ்சுக்காரன் ஆட்சி!

எங்கள் அத்தையைப் பாண்டிச்சேரியில்தான் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை 'சொல்தா' வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். 1962 ஆகஸ்ட்டில் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, 'பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுங்கள்' என்றார்கள். மாமா வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு கையெழுத்து! நான் பி.காம். படித்தவன். பேத்தி காலம் வரைக்கும் வட்டி ஏறுகிற இப்படியொரு கணக்கை எந்த லெட்ஜரிலும் பார்த்ததில்லை.

கல்யாணம் முடிந்து அத்தையும் பிளேன் ஏறினார். அவருடைய பேத்தி பாரிஸ் பக்கத்தில் பிறந்தவள். கதை எழுதுகிறாள், பிரெஞ்சில். ஒரு கோடையில் அத்தையோடு ஊருக்கு வந்திருந்தாள். அவளிடம் இருப்பது ஏவல் தமிழ். வா, போ, சாப்பிடு, கதவைச் சாத்து... ஆயா அவளுக்குச் சொன்னதெல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆயாவுக்குத் திருப்பிச் சொல்லத்தான் தமிழ் இல்லை. என்னையே, 'மாமா, நீ உக்காரு' என்பாள்.

புலம்பெயர்ந்த எழுத்தாளர் என்றதும் ஷோபாசக்தி ஞாபகம் வருவார். அல்லைப்பிட்டியில் பிறந்து, பிரான்ஸில் இருந்துகொண்டு தமிழிலேயே எழுதுகிறார். ஷ்யாம் செல்வதுரை 1983 கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கனடா போனவர். 1994-ல் ஆங்கிலத்தில் 'ஃபன்னி பாய்' கொண்டுவந்தார். ரெண்டு பேருமே வளர்ந்தபிறகு ஊரைவிட்டுப் போனவர்கள். ஊர் அவர்கள் பெட்டியில் இருந்தது. இந்தப் பெண்ணுக்குப் பெட்டியே கிடையாது. என்னைக் கேட்டால், இவள் பாடுதான் கஷ்டம்.

மரக்காணம் உப்பளத்துக்குக் கூட்டிப் போனேன். பாத்தித் தண்ணீர் மேல் பாலாடை மாதிரி உப்பு படிந்திருந்தது. பிரான்ஸில் கெராந்து என்ற ஊரிலும் இப்படி உப்பளங்கள் உண்டாம். மேலே மிதப்பதை மட்டும் தனியாக வழித்தெடுத்து, 'உப்புப் பூ' என்று பெயர் வைத்து விற்கிறார்களாம். விலை, சாதா உப்பைப்போலப் பல மடங்கு! (இங்கே வெயிலில் உப்பு வாருகிறவர்கள் காதில் விழுந்தால் பலகையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.) 'நாமளும் உப்பு பூத்திருக்குன்னுதானே சொல்றோம்' என்றார் அத்தை. பேத்தி அதை உடனே செல்போனில் குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஆரம்பித்தார்: "என்னைப் பத்தி ஏதோ எழுதியிருக்கியாமே... படி, கேக்குறேன்."

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். பள்ளிக்கூட வாசலில், புடவைக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு நிற்கிற ஆயா. அங்கே நிறுத்திவிட்டாள். அவள் எழுதியிருந்த சொல்லுக்குத் தமிழில் 'அவமானம்' என்று முதல்நாளே என்னிடம் கேட்டு வைத்திருந்தாள். ஆனால் சொன்னது வேறு.

"ஆயா, எனக்கு வெக்கமா இருந்துச்சு."

கல்யாணப் பெண்ணுக்கும் வருவது வெக்கம்தான், கடன்காரன் வாசலில் வந்து நின்றால் வருவதும் வெக்கம்தான். எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று ஆயா கையில் கொடுத்துவிட்டாள்!

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எனக்கும்தான்டி. உங்க டீச்சர் வந்து என்னமோ கேப்பா. ஒண்ணும் புரியாது. சும்மா சிரிச்சுக்கிட்டே நிப்பேன்."

பேத்தி என்னைப் பார்த்தாள். "ஆயாகிட்டயே கேளு" என்றேன்.