தவழ ஆரம்பிச்ச குழந்தைக்கு ஓடி ஓடி ஊட்டுறவங்களுக்கு

"ஏழாம் மாசம் வரைக்கும் நல்லா சாப்ட்டுட்டு இருந்தான் டாக்டர். தவழ ஆரம்பிச்சதுல இருந்து வாயே தெறக்க மாட்றான்."

விழுப்புரத்துலயும் திண்டிவனத்துலயும் குழந்தைகளைப் பார்க்கிற எனக்கு இந்தப் புகார் வராத வாரமே இல்லை. அம்மா சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆயா, "எப்படி எளைச்சிட்டான் பாருங்க"ம்பாங்க. அந்த எளைச்ச ஆள் அதுக்குள்ள என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கி வாயில வச்சிருப்பார்.

முதல்ல கணக்கு. பிறந்த முதல் மூணு மாசத்துல குழந்தை நாளுக்கு 25-30 கிராம் எடை கூடும். ஒன்பது மாசத்துக்கு மேல அது 10 கிராம் அளவுக்கு இறங்கிடும். இது நோய் இல்லீங்க, இயற்கை. தாய்ப்பாலும் குடிக்கிற 9-11 மாதக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்துல பாதி, நாளைக்கு 3-4 வேளை போதும். நாம கையில எடுத்துட்டுப் போறது அதைப்போல ரெண்டு மடங்கு!

அதோட, ஆறு மாசமா ஃபேனை மட்டுமே பார்த்துட்டுப் படுத்திருந்தவனுக்கு இப்பதான் வாசப்படி கிடைச்சிருக்கு. பருப்பு சாதம் அதோட போட்டி போட முடியுமா?

அதனால நாம பின்னாடியே ஓடுறோம். சிரிக்கும்போது ஒரு வாய், அழும்போது ஒரு வாய் திணிக்கிறோம். எனக்குப் பயமே இங்கதான்.

போன மல்லாட்டை சீசன்ல, திண்டிவனம் பக்கத்து கிராமத்துல இருந்து பத்து மாசப் பெண் குழந்தை. நாலு நாளா இருமல், இழுப்பு. சளி மருந்து கொடுத்தும் குறையல. நெஞ்சுல குழாயை வச்சா வலது பக்கம் காத்து சரியாப் போகல. "சாப்பிடும்போது திடீர்னு புரை ஏறிச்சாம்மா?" அம்மா யோசிச்சாங்க. ஆயாதான் சொன்னாங்க: திண்ணையில விதைக்கு மல்லாட்டை உடைச்சிட்டு இருந்தாங்களாம். தவழ்ந்துக்கிட்டே சோறு வாங்கின குழந்தை திடீர்னு இருமி, முகம் செவந்து, அப்புறம் சரியாயிடுச்சாம்.

சரியாகல. புதுச்சேரிக்கு அனுப்பினேன். மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள்ள குழாய் விட்டு அரைப் பருப்பை எடுத்தாங்க. பிள்ளை இப்ப நல்லா இருக்கா.

வலது மூச்சுக்குழல் அகலமாவும் நேராவும் இருக்கிறதால, உள்ளே போற பொருள் பெரும்பாலும் அங்கதான் விழும். கடலை ஈரத்துல ஊதும். அதோட எண்ணெய் அந்த இடத்தைப் புண்ணாக்கும். எக்ஸ்ரேயில கடலை தெரியாது. அதனாலதான் புரை ஏறின கதையை நீங்க சொல்லணும்.

நம்ம ஊர்ல இதைத் தப்பிக்கிறது கஷ்டம். டி.எம்.வி.ன்னு தொடங்குற கடலை ரகங்கள்ல இருக்கிற டி.எம்.வி.யே திண்டிவனம்தான்! கடலை எதிரியும் இல்லை. வறுத்து, தோல் நீக்கி, நைஸாப் பொடிச்சு கஞ்சியில கலந்து கொடுக்கலாம். முழுக் கடலையும் உடைச்ச கடலையும் அஞ்சு வயசு வரைக்கும் வேண்டாம்.

ஊட்டுறது ஒரே இடத்துல, தரையிலயோ மடியிலயோ, முதுகை நிமிர்த்தி உட்கார வச்சு. போன் வேண்டாம். அவன் கையில ஒரு கரண்டியும் கொஞ்சம் சாதமும் கொடுங்க, இறைக்கட்டும், கூட்டிக்கலாம். சாதம் கரண்டியைச் சாய்ச்சா ஒழுகாத பதத்துல இருக்கணும், தண்ணியா வேண்டாம். இருபது நிமிஷம். முகத்தைத் திருப்பினா அந்த வேளை முடிஞ்சது.

புரை ஏறி சத்தமா இருமினா இரும விடுங்க. சத்தமே வரலைன்னா: ஒரு வயசுக்குள்ள குழந்தையை முன்கையில தலை தாழ்த்திக் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவுல 5 தட்டு. வெளிய வரலைன்னா மல்லாத்தி, நெஞ்சு நடுவுல ரெண்டு விரலால 5 அழுத்தம். பொருள் வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி செய்யுங்க. கண்ணுக்குத் தெரியாததைத் தேடி வாய்க்குள்ள விரல் விடாதீங்க, இன்னும் உள்ளே போயிடும். பக்கத்துல இருக்கிறவங்க 108 கூப்பிடட்டும்.

எடை கோடு மேல ஏறிட்டே இருந்தா, பையன் வீட்டைச் சுத்தித் தவழ்ந்துட்டு இருந்தா, மிச்சம் இருக்கிற நாலு வாயைப் பத்திக் கவலைப்படாம கிண்ணத்தைக் கழுவி வச்சிடுங்க. கோடு படுத்துக்கிச்சுன்னா மட்டும் அட்டையோட வாங்க.