பாட்டியின் உள்ளங்கை

புக்கிட் பிந்தாங்கில் ஜாலான் பெராங்கான் பக்கம் அரபுச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய. போன வாரம் மதியம் அங்கே ஒரு சின்னக் கடையில் ஃபலாஃபல் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் ஐந்து உருண்டை, எள்ளு விழுது, வெள்ளரி ஊறுகாய், ஒரு ரொட்டி. முதல் உருண்டையைப் பிட்டால் உள்ளே கொத்தமல்லிப் பச்சை. மொறுமொறுப்பு அப்படியே மசால் வடை. மென்றபோதுதான் எதையோ காணோம் என்று தெரிந்தது.

அடுப்பில் நின்றவர் எகிப்துக்காரர். மலாய் ஓரளவு பேசினார். கொண்டைக்கடலையை வேகவைப்பதில்லை, ராத்திரி ஊறப்போட்டுப் பச்சையாகவே அரைப்போம், வேகவைத்தால் எண்ணெயில் உதிர்ந்துவிடும் என்றார். என் பாட்டியும் இதையேதான் சொல்வார். "ஜிந்தான் மானிஸ் போடமாட்டீர்களா?" என்று கேட்டேன். சோம்புக்கு இங்கே அதுதான் பெயர். இல்லை, சீரகம்தான் என்றார். பிறகு அவராகவே பேச்சை எடுத்தார். அவர் ஊரில் இதற்குத் தாமியா என்று பெயராம். கொண்டைக்கடலை கிடையாதாம், ஃபாவா என்ற பயறாம். அவர் அம்மா சுட்டது உள்ளே இன்னும் பச்சையாக இருக்குமாம். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் எண்ணெயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாட்டியோடு நாங்கள் இருந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். ஜாலான் ரொசாரியோவில் அந்தக் காலத்தில் கட்டிய வீடுகள். தாத்தாவுக்கு ரயில் பெட்டி கோக்கும் யார்டில் வேலை. அவர் வரும் நேரம் பார்த்துப் பாட்டி சட்டியை அடுப்பில் ஏற்றுவார். ஊறிய கடலைப்பருப்பில் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தை அம்மியில் ஒன்றிரண்டாக அரைப்பார். எடுத்துவைத்ததைக் கடைசியில் கலப்பார். பல்லில் கடிபடும் ருசி அந்த முழுப் பருப்புதான். வெங்காயம், கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், உள்ளங்கைக் குழி நிறையச் சோம்பு. வடையோடு கடித்துக்கொள்ளத் தாத்தாவுக்கு இரண்டு பச்சை மிளகாய். வாசம் பிடித்து வாசலுக்கு வந்த எந்தப் பிள்ளையையும் பாட்டி வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் மோனோரெயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினேன். தாத்தாவின் யார்டு இருந்த நிலத்தில்தான் 2001-இல் அந்த நிலையத்தைத் திறந்தார்கள். குவார்ட்டர்ஸையும் இடித்துவிட்டார்கள். எங்கள் வாசற்படி எந்த இடம் என்று நின்று பார்த்தேன், பிடிபடவில்லை. ஜாலான் துன் சம்பந்தனில் ஓர் ஒட்டுக்கடையில் மூன்று வடை வாங்கினேன். நல்ல வடை, சூடாக இருந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கடலைப்பருப்பை ஊறப்போட்டேன். ஒரு பிடி எடுத்துவைத்தேன். அம்மி இல்லை, மிக்சியை விட்டு விட்டுச் சுற்றினேன். சோம்பு டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொட்டியபோதுதான் கை நின்றது. பாட்டிக்குச் சின்னக் கை. எவ்வளவு சின்னது?