சந்தையில் வறுத்த காப்பி

இந்த ஞாயிறும் சேலத்தில் இயற்கைச் சந்தையில் கடை போட்டோம். ஏற்காட்டுச் சிறு விவசாயி ஒருவரிடம் வாங்கிய பச்சைக் கொட்டை, ஒரு கிலோ கொள்ளும் வறுக்கிற உருளை, கேஸ் அடுப்பு.

கொட்டை முதலில் வைக்கோல் நிறத்துக்கு வரும், பிறகு பழுப்பாகும். 200 டிகிரியை நெருங்கும்போது சோளம் பொரிவதுபோல் படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு கண்ணை எடுக்கக் கூடாது. போன மாதம் பேச்சு மும்முரத்தில் ஒரு ஈடு கருகிவிட்டது. விற்க மனசு வரவில்லை, கொட்டிவிட்டேன்.

ஒரு கிலோ போட்டால் சுமார் 850 கிராம்தான் திரும்ப வரும்; ஈரம் போய்விடும். விலை ஏன் கூட என்று கேட்பவர்களுக்குத் தராசில் வைத்தே காட்டுகிறேன்.

ஒரு பாட்டி வந்து நின்றார். "சிக்கரி எவ்வளவு கண்ணு?"

"போடறதே இல்லைங்கம்மா."

ஒரு கொட்டையை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "எங்க வீட்ல இரும்புச் சட்டியில இப்படித்தான் வறுப்போம்" என்றார். கால் கிலோ வாங்கினார். அன்று முழுக்க எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அன்றைக்கே டிகாக்‌ஷன் இறக்காதீர்கள். கொட்டைக்குள் இருக்கும் வாயு வெளியேற இரண்டு நாள் விடுங்கள். கொட்டையாகவே வைத்திருந்து அன்றன்றைக்கு அரையுங்கள்.