கடுவன் தட்டில் முக்கினால்

பூனை வலியை வெளிக்காட்டாது என்பார்கள். காட்டும். மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட முகக்குறி அளவுகோல், காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை நிற்கும் நிலை ஆகிய ஐந்தையும் பார்க்கச் சொல்கிறது. காதுகள் பக்கவாட்டில் விலகி, கண் இடுங்கி, தலை தோளுக்குக் கீழே தொங்கினால் வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் இந்தக் கணக்கு செல்லாது.

நான் டாக்டர் இல்லை, நெடுங்காலமாகப் பூனைகளைப் பராமரிப்பவள். கசார்வாடியில் நாசிக் பாட்டா பக்கமுள்ள தமிழ் வீடுகளில் பூனைக்கு முடியவில்லை என்றால் எனக்குப் போன் வரும். அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, இவனுக்கு மலச்சிக்கல் போல. தட்டுல போய்ப் போய் முக்குறான், ஒண்ணும் வரல."

கடுவன் என்றால் உடனே கேட்பேன், ஒண்ணுக்குப் போனானா? மணலில் ஈரக்கட்டி இருக்கிறதா? கடுவனுக்குச் சிறுநீர்த் தாரை மிகக் குறுகல். படிகமோ சளியோ அதை அடைத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். முழு அடைப்பு என்றால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். முதலில் குறியை நக்கிக்கொண்டே இருப்பான், தட்டில் உட்கார்ந்து கத்துவான். பிறகு வாந்தி, சோர்வு. அடிவயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், ராத்திரியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மணல் தட்டை அள்ளுகிறவருக்குத்தான் பூனையின் உடம்பு தெரியும். அதனால் அந்த வேலையை வளர்ப்பவரே செய்ய வேண்டும் என்பேன். வயதான பூனையின் ஈரக்கட்டி நாளுக்கு நாள் பெரிதாகி, தண்ணீர்க் கிண்ணமும் சீக்கிரம் காலியானால் சிறுநீரகத்தையோ சர்க்கரையையோ சந்தேகிக்கலாம்.

சாப்பாட்டை இரண்டு நாள் தொடாவிட்டால், அதுவும் குண்டுப் பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பித்துவிடும். பட்டினி போட்டால் வயிறு சரியாகும் என்ற பேச்சு பூனைக்கு ஆகாது. மூச்சையும் கவனியுங்கள்: பூனை நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்கு மேல் தொடர்ந்து போனால் டாக்டரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், கிளம்புங்கள்.

வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதை முறிக்கும் நொதி பூனை உடம்பில் போதிய அளவு இல்லை. ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை அதன் உயிரை எடுக்கப் போதும்.